முப்பத்துநாலாவது நிறுத்தம்

கீ... கீ... கீ... கீ... என்று காரின் முன்பலகையில் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கோழி அலறியது. முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் சமையலறைக் கடிகாரம் அது. மூன்று நிமிடம் ஆனதும் ஊரையே எழுப்புகிற மாதிரி கத்தும். இத்தனை வருடமாகக் கேட்டும் எனக்குப் பழகவில்லை. பென்சில் கைதவறிக் காலடியில் விழுந்தது. பக்கத்துக் குட்டையிலிருந்து இரண்டு வாத்துகள் தண்ணீரை உதைத்துக்கொண்டு எழும்பிப் பறந்தன.

அக்கா மட்டும் திரும்பவில்லை.

காருக்குப் பத்தடி முன்னால், சரளைக்கல் சாலையின் நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கார்க் கண்ணாடிகள் எல்லாம் இறக்கித்தான் இருந்தன. கோழியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி அதன் வாயை அடைத்துவிட்டு, முன்விளக்கை இரண்டு தரம் போட்டு அணைத்தேன். தன் நிழல் திடீரென்று சாலையில் நீண்டு ஓடியதைப் பார்த்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

"ஏன்டா ஆர்லின், முடிஞ்சா சொல்றதில்லையா?"

"கோழி கத்திச்சே, அக்கா."

"கத்தியிருக்கும். நான் எண்ணிட்டிருந்தேன். எழுது. தட்டைவாயன் வாத்து நாலு, ஊசிவால் ரெண்டு, நாமக்கோழி ஒன்பது. நாணல்ல கறுப்புக் குருவிங்க பதினஞ்சு."

எழுதினேன். மூன்றாவது நிறுத்தம் முடிந்தது. இன்னும் நாற்பத்தேழு பாக்கி.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு நாள், காற்று அடங்கியிருக்கும் காலையாகப் பார்த்து, நானும் என் அக்கா தோர்டிஸும் இந்தச் சாலையில் பறவை எண்ண வருவோம். இருபத்தைந்து மைல் தூரம், ஐம்பது நிறுத்தங்கள். அரை மைலுக்கு ஒரு முறை கார் நிற்கும். அக்கா இறங்கி மூன்று நிமிடம் நிற்பாள். அந்த மூன்று நிமிடத்தில் கண்ணில் படுவது, காதில் விழுவது எல்லாம் கணக்கு. அதற்கு முன்னால் கேட்டதும் பின்னால் பார்த்ததும் கணக்கில்லை. முடிந்ததும் தாளை உறையில் போட்டு ஒட்டி, பறவைக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவாள். நாடு முழுவதும் இப்படி ஆயிரக்கணக்கான பேர் எண்ணி அனுப்புகிறார்கள். எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்பதெல்லாம் இந்தத் தாள்களிலிருந்துதான் தெரிகிறது. சம்பளம் ஒரு காசு கிடையாது. ஆனால் விதி உண்டு. ஒரு பாதைக்கு ஒருவர். அவருடைய கண், அவருடைய காது, அவ்வளவுதான். கூட வருகிறவன் வண்டி ஓட்டலாம், எழுதலாம். 'அதோ பார், அங்கே கேள்' என்று வாயைத் திறக்கக் கூடாது.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன், முதல் தடவை கிளம்பும்போதே அக்கா சொல்லிவிட்டாள்: "நீ வெறும் கை. உனக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது, புரிஞ்சுதா?"

அன்றைக்கு அது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. நார்டால் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன் நான். நாமக்கோழிக்கும் வீட்டுக் கோழிக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு, அக்கா சுட்டுத் தரும் இலவங்கப்பட்டை ரொட்டிக்காகவே வந்தேன். ஆனால் வருடா வருடம் ஐம்பது முறை மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால், எதைத்தான் கேட்காமல் இருக்க முடியும்? கதவைத் திறந்து உள்ளே வருகிறவனின் செருப்புச் சத்தத்தை வைத்தே யார் என்று சொல்கிற தொழில் என்னுடையது. பறவைகளும் அப்படித்தான் ஒவ்வொன்றாக எனக்குள் வந்து உட்கார்ந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. கைக்கு எதற்குப் பெருமை?

இந்த வருடம் வசந்தத்தில் பனி அதிகம். உருகின தண்ணீர் எல்லாம் பள்ளங்களை நிறைத்து, சாலையின் இரண்டு பக்கமும் குட்டை குட்டையாக நின்றது. எங்கள் வடக்கு டகோட்டாவில் இந்தக் குட்டைகளை எண்ணி முடித்தவர் கிடையாது. விடிகிற நேரத்தில் வானம் அத்தனையிலும் இறங்கி ரோஜா நிறத்தில் கிடந்தது. எது கரை, எது மேகம் என்று தெரியவில்லை. சில இடங்களில் தண்ணீர் சாலையின் விளிம்பு வரை வந்திருந்தது. கார் ஓடவில்லை, மிதக்கிறது என்றே தோன்றியது. நாணலும் ஈரமண்ணும் கலந்த வாசனை. முக்குளிப்பான் ஒன்று குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே ஒரு ரோஜா நிற மேகத்தின் மேல் நீந்திப் போனது. இந்தச் சாலையில் வரும்போது எனக்கு வயது மறந்துபோகும். அறுபத்து நாலா, ஆறா என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

பதினேழாவது நிறுத்தத்தில் அக்கா ஒரு விரலைத் தூக்கினாள். "குருகு ஒண்ணு. வடக்கால, அந்த ரெண்டாவது குட்டைக்கு அப்பால." நாணலுக்குள் யாரோ பழைய அடிகுழாயை அடிப்பது போல, கொளக் கொளக் என்று அடிவயிற்றுக் குரல். அரை மைலாவது இருக்கும். சரியாகச் சொன்னாள். அடுத்த நிறுத்தத்தில், நான் தூசி என்று நினைத்ததை, "கறுப்பு ஆலா, மூணு" என்றாள். எழுபத்தொரு வயதில் அந்தக் கண்ணைப் பார்த்து எனக்குப் பொறாமை.

கண் சரி. கனத்த குரல்களும் சரி. மெல்லிய குரல்கள்தான் போய்விட்டன.

என் கடை நாற்காலியில் உட்காராத காது இந்த ஊரில் இல்லை. பின்னாலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும். ஒரே நாளில் யாரும் செவிடாவதில்லை. முதலில் நுனி உதிரும். கெண்டியின் விசில், பேத்தியின் பேச்சு, மழைத்தூறல். போனது போகிறவனுக்கே தெரியாது. கேட்காத ஒன்றைக் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்? உலகம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் விஷயத்தில் அமைதியானது உலகம் இல்லை, நெட்டைக்காலி.

நெட்டைக்காலி சிட்டுக்குருவியைவிடச் சற்று நீளமான, மண்ணும் புல்லும் கலந்த நிறமுள்ள பறவை. தரையில் இருந்தால் காலடியில் இருந்தாலும் தெரியாது. கலப்பை படாத பழைய புல்வெளியில் மட்டும்தான் வாழும். ஒரு முறை உழுதுவிட்டால் திரும்பிவராது. பாடும்போது வானத்தில் ஏறிவிடும். எத்தனை உயரம் என்றால், நல்ல கண்ணுக்கும் அகப்படாத உயரம். அங்கேயே நின்று மணிக்கணக்காகப் பாடும். சமையலறையில் ஒரு மூடி கைதவறி விழுந்து சுழன்று சுழன்று அடங்குமே, அந்த ஓசையை வெள்ளிக் கம்பியில் செய்து மேகத்திலிருந்து தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். ஆகவே அதைப் பார்த்து எண்ண முடியாது. கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

முதல் வருடத் தாளில் அது பதினொன்று. ரொம்ப நாள் ஏழு, எட்டு என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு ஐந்து. மூன்று. போன வருடம் ஒன்று. அந்த ஒன்றை எழுதிக்கொண்ட நாள் அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். "என் கண்ணு முன்னாலயே ஒரு பறவை அழியுது. நான் பென்சில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். போன வருடம் நான் கேட்டது ஏழு. அவளுடைய முட்டைக்கோசு சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டே, சொல்லலாமா என்று நூறு தடவை யோசித்தேன். சொன்னால் பறவை பிழைத்துவிடும். ஆனால் அக்காவிடமிருந்து இந்த ஜூன் காலை போய்விடும். கல்யாணம் வேண்டாம் என்று தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவள். வருடத்தில் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் இந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறவள். வாயை மூடிக்கொண்டேன். விதியும் அதைத்தானே சொல்கிறது என்று சமாதானம் வேறு.

இந்த வருடம் அந்தச் சமாதானம் செல்லாது என்று முப்பத்துநாலாவது நிறுத்தத்தில் தெரிந்தது.

முப்பத்துநாலு டெல்மர் கெஸ்லரின் வேலி ஓரம். நூற்று அறுபது ஏக்கர் மேட்டுப்புல். அவருடைய தாத்தா இங்கே வந்த நாளிலிருந்து கலப்பை படாதது. சுற்றிலும் மைல் கணக்கில் கோதுமையும் சோயாவும் கோடு கிழித்த மாதிரி நிற்க, இது மட்டும் யாரும் வாராத தலை மாதிரி காற்றில் கலைந்து கிடக்கும். வெயில் அப்போதுதான் சூடேற ஆரம்பித்திருந்தது. புல்லின் மேல் வெள்ளி அலைகள் ஓடி ஓடி அடிவானத்தில் கரைந்தன. நான் கோழியை மூன்று நிமிடத்துக்குத் திருகி வைத்தேன்.

அக்கா எண்ணுகிற முறை எப்போதும் ஒன்றுதான். நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுவாள். நிமிடத்துக்கு ஒரு சுற்று. கிழக்கு, தெற்கில் கார், மேற்கு, வடக்கு என்று மூன்று நிமிடத்தில் மூன்று சுற்று. மடியில் தாளை வைத்துக்கொண்டு குனிந்திருப்பதுதான் என் முறை.

முதல் சுற்றிலேயே கேட்டுவிட்டது. நேராகத் தலைக்கு மேலே. வெள்ளி மூடி சுழன்று இறங்கியது. கழுத்துக்குத் தானாக ஒரு புத்தி உண்டு போலிருக்கிறது. காரின் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தேன். நீலம்தான் இருந்தது. அடுத்த சுற்றில் கிழக்குப் பக்கம், வேலிக்கு அப்பால்; மறுபடி அண்ணாந்தேன். கடைசிச் சுற்றில் தூரத்தில், மேட்டின் முதுகுக்கு மேல்; அப்போதும் அண்ணாந்தேன். மூன்றாவது குரல் இறங்கி அடங்கியபோது என் கண்ணில் ஏனோ தண்ணீர். மூன்று பறவைகள் ஒரு வயலுக்கு மேல் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

கோழி அலறியது. விளக்கைப் போட்டு அணைத்தேன்.

"மஞ்சமாரு குருவி ஆறு. மூக்கன் ரெண்டு. மாட்டுக்காரக் குருவி நாலு." நிறுத்தினாள். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். "நெட்டைக்காலி சைபர்."

இல்லாததை யாரும் சொல்லி எழுதச் சொல்வதில்லை. அந்த ஒரு பறவைக்காக மட்டும் அக்கா சைபரைச் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் டெல்மர் வயலுக்குள்ளிருந்து தன் நாலுசக்கர வண்டியில் தடதடவென்று வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். மடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று.

"யோவ் ஆர்லின், இன்னும் உயிரோடதான் இருக்கியா? போன மாசம் நீ வெட்டின முடி இன்னும் ஒரு பக்கம் சாஞ்சே நிக்குது."

"தலையே சாஞ்சிருந்தா முடி என்னய்யா பண்ணும்?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல!"

"இடது பக்கமா வந்து சொல்லு. வலது காத டிராக்டர் சத்தம் தின்னுட்டு நாளாச்சு." டப்பாவை வேலிக்கு மேலே நீட்டினார். "எடுத்துக்கங்க தோர்டிஸ். ருபார்ப் கேக்கு. நானே சுட்டது. வெர்னா சுட்ட மாதிரி இருக்காது, பல்லு பத்திரம்."

அக்கா ஒரு துண்டு எடுத்துக் கடித்து, "பரவால்லையே" என்றாள். மனைவி வெர்னா போன பிறகு சுடக் கற்றுக்கொண்ட டெல்மருக்கு அது போதும். பிறகு கொஞ்ச நேரம் மூன்று பேரும் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் பக்கத்தில் முக்கியமான பேச்சு எல்லாம் இப்படித்தான் தொடங்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல்.

"கிழக்கேருந்து ஒருத்தன் இந்த நெலத்தக் கேட்டு வர்றான், திங்கக்கிழமை. சோயா போடறவன். காகிதம் எல்லாம் தயாரா வச்சிருக்கான்" என்றார் டெல்மர். "மாடெல்லாம் வித்தாச்சு. மகனும் இனிமே வரமாட்டான். எனக்கு இந்தப் புல்லு எதுக்கு, சொல்லுங்க. ஆனா வெர்னாவுக்கு ஒரு வார்த்தை குடுத்திருக்கேன். நீங்கதானே அவகிட்ட சொன்னது, கலப்ப படாத புல்லுலதான் அந்தக் குருவி இருக்கும்னு? கடைசி வருஷம் பூரா இதே வேலியோரத்துல நாற்காலியப் போட்டு உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பா. அது இங்க பாடற வரைக்கும் நான் இதுல கலப்ப எறக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன். எனக்கு அது ஒருநாளும் கேட்டதில்ல. நீங்க சொல்றதுதான் எனக்குக் காது." இப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "இருக்கா, இல்லையா?"

அக்கா வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"இன்னிக்கு இல்ல டெல்மர். ஒண்ணுகூட."

"ஒண்ணுகூட?"

"இருபத்தொம்பது வருஷத்துல மொத தடவ."

"நல்லாக் கேட்டீங்களா?"

"மூணு நிமிஷமும் நின்னேன்."

தலைக்கு மேலே வெள்ளி மூடி சுழன்று இறங்கியது. அடங்கியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கீழே இரண்டு செவிடுகள், ஒரு ஊமை.

"யோவ், உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?" என்று டெல்மர் என்னைக் கேட்டார். சும்மா, ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "அவன எதுக்குக் கேக்கறீங்க? அவனுக்குக் காக்காவுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாள். டெல்மர் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னொருவர் முன்னால் அவளை எப்படி விட்டுக்கொடுப்பது? ஆனால் அந்தச் சிரிப்பு கேக்கிலிருந்த ருபார்ப் தண்டைவிடப் புளித்தது.

"அப்போ சரி" என்றார் டெல்மர். தொப்பியைக் கழற்றி, புல்லைப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "வெர்னா தப்பா நெனைக்கமாட்டா." வண்டி மேட்டின் மேல் ஏறிப் புல்லுக்குள் சின்னதாகி மறைந்தது.

முப்பத்தைந்தாவது நிறுத்தத்துக்குக் காரை எடுக்கும் முன் நான் ஒரு காரியம் செய்தேன். அக்கா தொப்பியால் பூட்ஸ் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்துநாலாம் வரிசையில், நெட்டைக்காலிக்கு நேரே, பென்சில் நுனியால் மெல்லிசாக ஒரு கோடு போட்டேன். ஒன்று. மூன்று போடத் தைரியம் வரவில்லை. நாற்பது வருடம் முடி வெட்டியவன். ஒரு பக்கம் கூடக் குறைய வந்தால் மறுபக்கத்தைத் தட்டிச் சரி செய்கிறவன். அந்தப் புத்திதான்.

கோடு போட்ட பிறகுதான் உறைத்தது. அந்தத் தாளில் இதுவரை ஒரு பொய் ஏறியதில்லை. மூன்று நிமிடம் முடிந்து ஒரு நொடி கழித்துப் பறந்த கழுகைக்கூட அக்கா எழுதவிட்டதில்லை. ஒரு வருடம் முழுக்க அந்தக் கழுகைப் பற்றிப் பேசினாளே தவிர எழுதவில்லை.

முப்பத்தெட்டாவது நிறுத்தம் தாண்டி மெதுவாக ஆரம்பித்தேன். "அக்கா, மைனாட்ல காது பாக்கற டாக்டர் ஒருத்தர் இருக்காராம். என் கடைக்கு வர்றவர் ஒருத்தர் சொன்னார்."

"உன் முட்டி வலிக்கு டாக்டரப் பாத்தியா?"

"இல்ல."

"அப்போ ஒழுங்கா ரோட்டப் பாரு. பள்ளம்."

பள்ளம்தான். அதோடு விட்டுவிட்டேன்.

மீதி நிறுத்தங்கள் கனவு போலப் போயின. வெயில் ஏற ஏற நிலம் நடுங்கியது. தூரத்துத் தானியக் கிடங்கு தரையைவிட்டு எழும்பி, தண்ணீர் போன்ற ஒன்றின் மேல் நின்றது. நாரைக் கூட்டம் ஒன்று அந்த இல்லாத தண்ணீரில் நடந்து போனது. அக்கா சுற்றினாள், சொன்னாள், நான் எழுதினேன். கோழி கத்தியது, விளக்கைப் போட்டேன். ஒவ்வொரு முறை விளக்கைப் போடும்போதும், இதற்கு மட்டும் அவள் ஏன் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று நினைத்தேன். முன்பெல்லாம் கோழியின் முதல் கத்தலுக்கே திரும்பி, "அடக்குடா அத" என்பாள். நான் விளக்குப் போட ஆரம்பித்து நாலு வருடம். விளக்கு எதற்கு என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஐம்பதாவது நிறுத்தம் சாலை முடிகிற இடம். அதற்கு அப்பால் சாலை அப்படியே ஏரிக்குள் இறங்கிப் போகிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் தண்ணீர் ஏறி மூடியது. தந்திக் கம்பங்கள் மட்டும் தண்ணீரில் வரிசையாக நடந்து போய்க் காணாமல் போகும். ஒவ்வொரு கம்பத்தின் மேலும் ஒரு நீர்க்காகம். அக்கா கடைசி எண்ணைச் சொன்னாள். குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டாள். தாளைக் காரின் மூக்கின் மேல் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே விரலை ஓட்டிக் கூட்டினாள். இது எப்போதும் நடப்பது. எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் மறந்துதான் போயிருந்தது.

விரல் நின்றது.

"முப்பத்துநாலுல ஒரு ஒண்ணு இருக்கு."

"ம்."

"நான் சொல்லல."

"இல்ல."

"கோழி கத்தின அப்புறமா போட்டது."

"ஆமா, அக்கா."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏரியையே பார்த்துக்கொண்டு காப்பியைக் குடித்து முடித்தாள். ஒரு நீர்க்காகம் இறக்கையைக் காயவைக்க விரித்து, அப்படியே மறந்துபோனது மாதிரி நின்றது. "ரப்பரக் குடு" என்றாள். பென்சில் முனையிலிருந்த ரப்பரைக் காட்டினேன். அழித்தாள். ஒரு தடம்கூட இல்லாமல் அழித்து, தூளை ஊதிவிட்டு, அந்த இடத்தில் தெளிவாக ஒரு சைபர் போட்டாள். பிறகு அடியில் குறிப்பு எழுதும் கட்டத்தில், இத்தனை வருடமாக 'காற்று இல்லை, வானம் தெளிவு' என்று மட்டும் எழுதி வந்த கட்டத்தில், ரொம்ப நேரம் எழுதினாள். கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். சின்ன வயதில் வீட்டுப் பாடம் எழுதும்போது நான் எட்டிப் பார்க்காமல் மறைப்பாளே, அதே மாதிரி. கையெழுத்துப் போட்டாள். மடித்து உறையில் போட்டு, நாக்கால் நனைத்து, தபால்காரியின் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் ஒட்டினாள்.

"சாவியக் குடு."

"நான் ஓட்டறேனே."

"இத்தன வருஷமா நீதான ஓட்டற. தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகிற குறுக்குச் சாலையில் அவள் திரும்பவில்லை. வந்த வழியே போனாள். நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு என்று நிறுத்தங்கள் பின்னோக்கி ஓடின. காலையில் இடதுபக்கம் பார்த்த குட்டைகள் எல்லாம் வலதுபக்கம் வந்தன. ரோஜா நிறம் போய் வெறும் நீலமாகக் கிடந்தன. ஒரு கனவை அதன் முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்பிக் காண்கிற மாதிரி இருந்தது. நாற்பது வருட நல்ல பெயரை ஒரு பென்சில் கோட்டில் கெடுத்துக்கொண்டவன் நான்.

டெல்மரின் வேலி ஓரம் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். கண்ணாடிகளை இறக்கிவிட்டாள். புல் சத்தம் உள்ளே வந்தது. முன்பலகையிலிருந்த கோழியை எடுத்து, திருகாமல், முன்பலகைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அப்புறம் ஹாரனை நீளமாக ஒரு தடவை அழுத்தினாள். தூரத்தில், மாடில்லாத கொட்டகையின் கதவருகே ஒரு உருவம் நிமிர்ந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தது. டெல்மர்தான். வண்டியை எடுக்காமல், புல்லுக்குள் இறங்கி எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினார். முழங்கால் வரை புல். வெயிலில் பார்க்க, ஆழமில்லாத நீரில் ஒருவர் நடந்து வருவது போலிருந்தது.

மேலே வெள்ளி மூடி சுழன்று இறங்கியது. இந்த முறை என் கழுத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தாள் இல்லாத மடியைப் பார்த்துக் குனிந்தே இருந்தேன்.

அக்கா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வருகிற டெல்மரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாதித் தூரம் வந்ததும், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"அவர் வந்து சேர்றதுக்குள்ள சொல்லுடா, காலைல இங்க நீ மூணு தடவ அண்ணாந்து பாத்தியே, மூணும் ஒரே குருவியா, வேற வேறயா?"